சாயாத வண்டி

எங்கள் அம்பாசடர் வளைவுகளில் சாயும். எல்லா வண்டியும் கொஞ்சம் சாயும்தான். இது இடுப்பில் நிறைகுடத்தை ஏற்றிக்கொண்டவள் நடப்பதுபோல ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்து, வளைவு முடிந்ததும் ஆடி ஆடி மெதுவாக நிமிரும். நான் கார் ஓட்டக் கற்றது இந்த வண்டியில்தான். இன்றுவரை வேறு காரின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அதனால் கார் என்றால் இப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

வண்டி என் கணவருடைய ஆசை. அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாகச் சொட்டுநீர்ப் பாசனக் குழாய்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். சேலத்தில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில் பல வருடமாக நின்றிருந்த எழுபதுகளின் வண்டியை வாங்கி வந்து, இன்ஜினைப் பிரித்துப் பார்த்து, வெள்ளை அடித்து, சீட்டுக்குப் புது உறை தைத்தார். வேகம் காட்டும் முள் மட்டும் அசையவே இல்லை. கேபிள் மாற்றியும் அது படுத்த இடத்திலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுக்கிற வண்டிக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டார்.

பிறகு எனக்கு வத்தல்மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாறுதல் வந்தது. மலைக்குப் பஸ் உண்டு. ஆனால் பஸ் மேலே போய்ச் சேரும் நேரமும் பள்ளி மணி அடிக்கும் நேரமும் ஒத்துப்போகவில்லை. இவருக்குக் கடைக்குப் பிக்கப் வேன் போதும். ஞாயிற்றுக்கிழமை வண்டி இப்படித்தான் என் பள்ளிக்கூட வண்டி ஆனது. வழியில் எங்கள் தலைமையாசிரியை ஏறிக்கொண்டு முன் சீட்டில் என் பக்கத்தில் உட்காருவார். பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் இளைய டீச்சர் ஒருவர் பின் சீட்டில். மலைப்பாதையில் ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். முதல் மாதம் பயந்தேன். அப்புறம் கை தானாகத் திரும்பியது. ஏறும்போதும் இறங்கும்போதும் இவர்களோடு பேசிக்கொண்டே ஓட்டுகிற அளவுக்குத் தேறினேன்.

ஒரு நாள் இவர் மலைமேல் ஒரு விவசாயிக்குக் குழாய் இறக்கிவிட்டுப் பிக்கப்பில் திரும்பும்போது, எதேச்சையாக எங்கள் வண்டிக்குப் பின்னால் வந்திருக்கிறார். அடிவாரம் வரை ஹாரன் அடிக்கவில்லை, முந்தவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார்.

"பின்னால இருந்து பாத்தேன். ஒவ்வொரு வளைவுலயும் வண்டி கவுந்துரும்போல இருக்குது. நீ உள்ள உக்காந்து சிரிச்சுப் பேசிட்டுப் போற."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் கைபேசியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பேசிக்கொள்ளும் குழு ஒன்றில் சேர்ந்துகொண்டார். சாப்பிடும்போதும் அதைத்தான் படித்துக் காட்டுவார். ஒருவர் முன்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றினால் போதும் என்பார். இன்னொருவர், அதை மாற்றிப் பிரயோசனம் இல்லை, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்துபோயிருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும் என்பார். மூன்றாமவர், இரண்டும் வீண், புது டயர் போடுங்கள் என்பார். எல்லாருமே முப்பது வருடம், நாற்பது வருடம் அம்பாசடர் ஓட்டியவர்கள். எல்லாருமே உறுதியாகப் பேசினார்கள். கடைசியில் இவர் எல்லாவற்றையும் செய்துவிடுவது என்று முடிவெடுத்தார்.

தர்மபுரியில் சேலம் ரோட்டில் இருக்கும் பட்டறையில் காலாண்டு விடுமுறைக்கு வண்டியை விட்டோம். நானும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர், எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார். முன்னால் பழைய மாதிரி ஷாக் அப்சார்பரை எடுத்துவிட்டுக் குழாய் மாதிரி இருக்கும் புதுசைப் போடுகிறார். பின்னால் பட்டைகளைக் கழற்றிச் சூடேற்றி அடித்து, பழைய வளைவுக்குக் கொண்டு வந்திருக்கிறார். தேய்ந்துபோன ரப்பர்களெல்லாம் புதுசு. இதற்குமேல் பெங்களூரிலிருந்து வரவழைத்த ஒரு கனமான இரும்பு ராடு. முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் அது சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் அமுங்கினால் இன்னொரு பக்கத்தையும் சேர்த்து இழுக்கும். வண்டி சாயவே சாயாது.

"இனிமே நீங்க எப்படி ஒடிச்சாலும் வண்டி மட்டமா நிக்கும் டீச்சர்" என்றார்.

வண்டி வந்த அன்று தொப்பூர் வரை போய் வந்தோம். போகும்போது அவர் ஓட்டினார். நெடுஞ்சாலையில் லாரிகளை முந்தும்போது முன்பெல்லாம் வண்டி காற்றில் கொஞ்சம் அலையும். இப்போது ரோட்டில் ஒட்டவைத்ததுபோல நேராகப் போனது. இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் கடை திறந்த அன்றுதான் பார்த்திருக்கிறேன். திரும்பும்போது என்னை ஓட்டச் சொன்னார்.

"எப்படி இருக்குது?"

"நல்லாருக்குதுங்க."

பொய் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

விடுமுறை முடிந்து மலைக்குப் போன முதல் நாள், ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. தலைமையாசிரியை மடியில் இருந்த பையைப் பிடித்துக்கொள்ளாமலே உட்கார்ந்திருந்தார். இப்போதுதான் காரில் போகிற மாதிரி இருக்கிறது, இத்தனை நாள் தோணியில் போனோம் என்றார். பின்னால் இளைய டீச்சர் தூங்கிவிட்டாள்.

இறங்கும்போதுதான் அது நடந்தது. மேலிருந்து சில வளைவுகள் தாண்டியதும் ரோடு இடப்பக்கம் மடங்கும் இடம் ஒன்று. வெளிப்பக்கம் சின்னத் தடுப்புச் சுவர், அதற்கப்பால் மரங்களின் தலைகள்தான் தெரியும். நான் எப்போதும்போல்தான் வந்தேன். எப்போதும்போல்தான் திருப்பினேன். ஆனால் சுவர் எப்போதும்போல் வரவில்லை. யாரோ அதை என் பக்கமாகத் தள்ளிவிட்டதுபோல் சட்டென்று முன்னால் வந்து நின்றது. பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கை இன்னும் ஒடித்து, எப்படியோ வளைந்துவிட்டேன். பக்கத்திலிருந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்துணவுக்கு வந்த முட்டையில் பாதி உடைந்திருந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என் உள்ளங்கை நனைந்துவிட்டது.

அடுத்த நாளும் அப்படியே, வேறு ஒரு வளைவில். அதற்கடுத்த நாள் இரண்டு வளைவுகளில். வண்டியில் எந்தச் சத்தமும் இல்லை, எந்த ஆட்டமும் இல்லை. வளைவுகள் மட்டும் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தன.

பிரேக் பிடிக்கவில்லை என்று இவரிடம் சொன்னேன். மறுநாளே மெக்கானிக் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டு, பிரேக் புதுசு மாதிரி இருக்கிறது என்றார். ஒருவேளை என் கண்ணில் கோளாறோ என்று தர்மபுரியில் போய்ச் சோதித்தேன். கண்ணாடி நம்பர் மாறவில்லை. தலைசுற்றலாக இருக்குமோ என்று ரத்த அழுத்தம் பார்த்தேன். அதுவும் சரியாக இருந்தது. நாற்பத்தைந்து தாண்டினால் சிலருக்குக் காரணமில்லாமல் பயம் வரும் என்று நர்ஸ் சொன்னாள். அதுவாகத்தான் இருக்கும் என்று இரண்டு நாள் நம்பினேன். பிறகு, அப்படியானால் அடிவாரத்திலிருந்து வீடு வரைக்கும் ஏன் அந்தப் பயம் வருவதில்லை என்று தோன்றியது. அந்த நம்பிக்கையும் போய்விட்டது.

இவர் குழுவில் கேட்டார். முன்பக்கம் அவ்வளவு கனமான ராடு போட்டால் வளைவில் அது வண்டியை வெளிப்பக்கமாகத் தள்ளும் என்றார் ஒருவர். தள்ளவே தள்ளாது, டயரில் காற்றைக் குறையுங்கள் என்றார் இன்னொருவர். காற்றைக் குறைத்தோம். பிறகு கூட்டினோம். சக்கரங்களின் அலைன்மென்ட்டைப் பார்த்தோம். ஒரு மாலை மெக்கானிக்கே வண்டியை மலைக்கு எடுத்துப் போய்விட்டு வந்தார். பூப்போல வருகிறது என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

எல்லாருக்கும் நன்றாக இருக்கிற ஒரு பொருள் எனக்கு மட்டும் மோசமாக இருந்தால், கோளாறு பொருளிலா என்னிலா? வகுப்பில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இதை நினைத்து, எட்டாம் வாய்ப்பாட்டின் நடுவில் நின்றிருக்கிறேன். இவருக்கும் மனசு நொந்துபோயிருந்தது. "புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லிடு" என்றார் ஒரு நாள் கடைக்குக் கிளம்பும்போது. பிடிக்கவில்லை என்பது அல்ல விஷயம். விஷயம் என்ன என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எதைச் சொல்ல?

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு இறங்கும்போது, அந்தத் தடுப்புச் சுவர் வளைவுக்கு மேலே ரோடு கொஞ்சம் அகலமாகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். நிறுத்த வேண்டும் என்று நினைக்கவில்லை. கால் நிறுத்திவிட்டது.

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். "என்னாச்சு டீச்சர்?"

"தெரியலைங்க மேடம். என்னால ஓட்ட முடியல."

அவர் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டார். அவருக்கும் ஓட்டத் தெரியாது, இளைய டீச்சருக்கும் தெரியாது. மூவரும் இறங்கி சில்வர் ஓக் மரத்தடியில் நின்றோம். மேலிருந்து பஸ் வந்தது. கையைக் காட்டி ஏறினோம். என்னங்க, பஞ்சரா என்று கண்டக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியை ஆமாங்க, பஞ்சர் என்று சொல்லி டிக்கெட் வாங்கிவிட்டார். அதற்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பஸ் நிறையக் கூட்டம். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் பஸ் எல்லாரையும் ஒரு பக்கமாகச் சாய்த்து, மறு பக்கமாகச் சாய்த்து இறங்கியது. பக்கத்தில் நின்ற அம்மாள் கூடையோடு என்மேல் விழுந்தாள். எனக்குத் துளியும் பயம் இல்லை. டிரைவர் பிரேக்கைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, இப்போது தொடுவார் என்று என் உடம்புக்குத் தெரிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி என் குழப்பத்தை இன்னும் கூட்டியது.

மறுநாள் சனிக்கிழமை. இவரும் நானும் காலைப் பஸ்ஸில் ஏறி வண்டியை எடுக்கப் போனோம். இரவெல்லாம் மலையிலேயே நின்றிருந்த வண்டியின் சக்கரங்களுக்கு உருளாதபடி யாரோ கல் அண்டை கொடுத்திருந்தார்கள். பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி ரோட்டில் ஒரு கிளையையும் வெட்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் சாமை அறுத்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து மேலே ஏறி வந்தார். பிரேக் பிடிக்காமல் விட்டுவிட்டுப் போனோம் என்று நினைத்ததாகச் சொன்னார். நாங்கள் அவருக்கு நன்றி சொன்னோம். பிரேக்கெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று இவர் சொன்னதும், அப்புறம் எதற்கு விட்டுவிட்டுப் போனோம் என்று அவர் கேட்டார். இவர் குனிந்து ரோட்டில் கிடந்த கிளையை இழுத்தார். அவரே கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

இவர் ஓட்டினார். தலைமையாசிரியை வழக்கமாக உட்காரும் இடத்தில் நான். அந்த வளைவு வருவதற்குள் மெதுவாகப் போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

"மெதுவாத்தானே போறேன்."

"இல்லைங்க. வேகமாப் போறீங்க."

அடுத்த வளைவிலும் இதே பேச்சு. மூன்றாவது முறை அவர் சலித்துக்கொண்டு, கைபேசியை எடுத்து வழி காட்டும் படத்தைப் போட்டு என் கையில் கொடுத்தார். அதில் ஓரமாக வண்டியின் வேகமும் தெரியும். இப்போது என்ன வேகத்தில் போகிறோம் என்று அவரே ஒரு கணக்குச் சொன்னார். கைபேசி காட்டியது அதைவிட நன்றாகவே அதிகம். வாசித்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அடுத்த வளைவில் மறுபடி வாசித்தேன். அவர் காலைப் பிரேக்கில் வைத்தார்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் அதை நானே கேட்டேன்.

"முன்னெல்லாம் வண்டி சாயறத வெச்சுத்தாங்க நான் ப்ரேக் புடிப்பேன்."

அவர் வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினையும் அணைத்துவிட்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"எனக்கே இப்பத்தாங்க தெரியுது."

முள் அசையாத வண்டியில் ஓட்டக் கற்றவள் நான். எவ்வளவு வேகம் என்று கண்ணால் பார்த்ததே இல்லை. வண்டி இவ்வளவு சாய்ந்தால் இவ்வளவு வேகம், இதற்குமேல் சாய்ந்தால் காலை எடு என்று இடுப்பும் தோளும் எப்போதோ கற்றுக்கொண்டிருக்கின்றன. எனக்குச் சொல்லாமலே கற்றுக்கொண்டிருக்கின்றன. இப்போது வண்டி சாயாததால், இன்னும் மெதுவாகத்தான் போகிறோம் என்று உடம்பு நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அப்படியே வளைவுக்குள் போய்ச் சுவரைப் பார்த்ததும் திடுக்கிட்டிருக்கிறது. இதுதான் காரணம் என்று அன்று தோன்றியது. இப்போதும் ஏறக்குறைய அப்படித்தான் தோன்றுகிறது. ராடு வண்டியை வெளியே தள்ளும் என்று குழுவில் ஒருவர் சொன்னாரே, அதுவும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

முதலில் முள்ளைச் சரி செய்தார். டாஷ்போர்டைப் பிரித்துப் புது மீட்டரையே வைத்தார்கள். அது அழகாக வேலை செய்தது. ஆனால் ஊசி வளைவில் எதிரே பஸ் வருகிறதா என்று பார்ப்பதா, சுவரைப் பார்ப்பதா, மீட்டரைப் பார்ப்பதா? ஒரு வாரம் முயன்றேன். மாலையில் கழுத்து வலிதான் மிச்சம்.

அந்த ராடைக் கழற்றிவிடலாமா என்று கேட்டது நான்தான். கேட்கும்போதே தப்பாகக் கேட்கிறோமோ என்று பட்டது. அவர் எத்தனை அலைந்து வாங்கியது. அவர் கோபப்படவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"சாயற வண்டி கவுந்துரும்னு எனக்குப் பயம். சாயாத வண்டி உன்ன ஏமாத்துது. இதுல எது தேவலன்னு எனக்கும் தெரியல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஓட்டறவ நீ. கழட்டிரலாம்" என்றார்.

பட்டறையில் நாங்கள் சொன்னது மெக்கானிக்குக்குப் புரியவில்லை. எங்கே சத்தம் வருகிறது என்று கேட்டார். சத்தம் இல்லை என்றோம். எங்கே இழுக்கிறது என்றார். இழுக்கவும் இல்லை என்றோம். அவர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போடச் சொல்லி வர்றவங்கதாங்க எல்லாரும். நல்லா இருக்கறதக் கழட்டச் சொல்லி நீங்கதான் வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போனார். கழற்ற அதிக நேரம் ஆகவில்லை. ஷாக் அப்சார்பர்களும் பட்டைகளும் புது ரப்பர்களும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம்.

திங்கட்கிழமை மலையில் இறங்கும்போது வண்டி சாய்ந்தது. பழைய மாதிரி இல்லை. அதில் பாதிதான் இருக்கும். ஆடி ஆடி நிமிராமல் ஒரே மூச்சில் நிமிர்ந்தது. எனக்கு அது புது மொழியாகத்தான் இருந்தது, ஆனால் காதில் விழுகிற மொழி. தடுப்புச் சுவர் வளைவில் என் இடுப்பு லேசாக நகர்ந்தது, கால் பிரேக்குக்குப் போனது, சுவர் அதன் இடத்திலேயே நின்றது.

பக்கத்தில் தலைமையாசிரியை கைப்பிடியை எட்டிப் பிடித்தார்.

"ஏன் டீச்சர், வண்டி மறுபடியும் ஆடுதே. ரிப்பேரா?"

"இல்லைங்க மேடம். சரி பண்ணிட்டோம்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராடு இப்போது கடையில் குழாய்களோடு குழாயாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. போன வாரம் பாப்பாரப்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் குழாய் வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, நல்ல இரும்பாக இருக்கிறதே, தருவீர்களா என்று கேட்டிருக்கிறார். இடைவேளை நேரத்தில் இவர் எனக்குப் போன் செய்து, கொடுத்துவிடலாமா என்று கேட்டார். மைதானத்தில் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். நெடுஞ்சாலையில் அன்று வண்டி நேராகப் போனபோது அவர் முகம் இருந்த விதமும் நினைவுக்கு வந்தது, மலைமேல் என் உள்ளங்கை நனைந்ததும் நினைவுக்கு வந்தது.

"கொஞ்ச நாள் இருக்கட்டுங்க" என்றேன்.

ஏன் என்று அவர் கேட்டார். மணி அடித்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். மணி உண்மையிலேயே அடித்திருந்தது. ஆனால் அடிக்காமல் இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.